பி.பி. நார்மல்தானே என்று அங்கேயே நின்றுவிடாதீர்கள்: என்கிளெக்ஸ் எழுதப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸ் வாங்க எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் முதலில் கேட்பது, எந்தப் புத்தகம் வாங்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை கேள்வி போட்டுப் பார்க்க வேண்டும் என்பதைத்தான். கேட்க வேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் பாடம் நன்றாகத் தெரிந்தவர்களே கேஸ் ஸ்டடி (ஒரே நோயாளியைப் பற்றிய தொடர் கேள்விகள்) வந்ததும் தடுமாறுவதைப் பார்க்கிறேன். ஷாக் (உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போய்ச் சேராத நிலை) என்றால் என்ன, அதில் எத்தனை வகை, அறிகுறிகள் என்னென்ன என்று கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அதே ஷாக் ஒரு நோயாளியின் சார்ட்டில் மணிக்கு மணி கொஞ்சம் கொஞ்சமாக உருவாகிக்கொண்டிருந்தால் கண்ணில் படுவதில்லை. ஏனென்றால் சார்ட்டில் யாரும் "ஷாக்" என்று எழுதி வைப்பதில்லை. வெறும் எண்கள்தான் இருக்கும், நடுவில் நோயாளி சொன்ன ஒன்றிரண்டு வார்த்தைகள் இருக்கும்.

அந்த எண்களையும் வார்த்தைகளையும் சேர்த்துப் பார்த்து, இவருக்கு இப்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது, இதில் எது முதலில் உயிருக்கு ஆபத்து, நான் இப்போது என்ன செய்ய வேண்டும், செய்த பிறகு அது பலன் தந்ததா என்று முடிவெடுப்பதுதான் கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. நல்ல நர்ஸ்கள் காலங்காலமாக வார்டில் செய்துவருவதுதான். தேர்வு இப்போது அதைப் படிப்படியாகப் பிரித்து மதிப்பெண் போடுகிறது, அவ்வளவுதான் புதிது.

அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸ் தரும் மாநில வாரியங்களின் கூட்டமைப்பான என்.சி.எஸ்.பி.என். இந்தத் தேர்வை நடத்துகிறது. கனடாவின் பெரும்பாலான மாகாணங்களிலும், வெளிநாட்டில் படித்து ஆஸ்திரேலியாவுக்குப் போகும் நர்ஸ்களுக்கும் இதே தேர்வுதான். நம் ஊர்க்காரர்கள் சென்னையிலேயே மையம் எடுத்து எழுதலாம். 1994 முதல் இது கம்ப்யூட்டரில் நடக்கிறது. நீங்கள் சரியாகச் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி கடினமாகிக்கொண்டே போகும், தவறினால் கொஞ்சம் எளிதாக வரும். 2023 ஏப்ரல் 1 முதல் புதிய வடிவம் வந்தது. குறைந்தது 85 கேள்வி, அதிகம் போனால் 150, மொத்த நேரம் 5 மணி. அதில் எல்லோருக்கும் மதிப்பெண்ணுக்குரிய 3 கேஸ் ஸ்டடி கட்டாயம் உண்டு, ஒவ்வொன்றிலும் 6 கேள்வி. ஒரே நோயாளியைப் பற்றி ஆறு திரை வரும். அந்த ஆறும் ஏனோதானோவென்று போட்ட ஆறு அல்ல.

முதல் கேள்வி, எது கவனிக்க வேண்டிய அறிகுறி என்பது. இரண்டாவது, அந்த அறிகுறிகள் சேர்ந்து எதைக் காட்டுகின்றன. மூன்றாவது, இருக்கும் சந்தேகங்களில் எது முதலில். நான்காவது, என்னென்ன செய்யலாம், எதெல்லாம் செய்யவே கூடாது. ஐந்தாவது, செய்வது. ஆறாவது, செய்த பிறகு நோயாளி தேறினாரா இல்லையா என்று பார்ப்பது. எல்லாக் கேஸ் ஸ்டடியிலும் இதே வரிசைதான். நாம் கல்லூரியில் படித்த அசெஸ்மென்ட், டயக்னோசிஸ், பிளானிங், இம்ப்ளிமென்டேஷன், இவாலுவேஷன் இதற்குள் அப்படியே இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு இடத்தை நன்றாக விரித்திருக்கிறார்கள்: பார்த்ததற்கும் செய்வதற்கும் இடையில் உங்கள் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்பதை. நம் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் அங்கேதான் என்பது என் கருத்து. அதனால் ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு அந்த ஆறு படியையும் மெதுவாக ஏறிப் பார்ப்போம்.

ஒரு நோயாளி, மூன்று மணி நேரம்

48 வயதுப் பெண், எடை 62 கிலோ. ஃபைப்ராய்டு கட்டிக்காக வயிற்றைத் திறந்து கர்ப்பப்பை எடுத்திருக்கிறார்கள். மதியம் ஒரு மணிக்கு வார்டுக்கு வந்தார். வேறு பழைய நோய் எதுவும் இல்லை, வீட்டில் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை.

2 மணிக்கு பி.பி. 124/78, பல்ஸ் 86, மூச்சு 16, ஆக்சிஜன் அளவு 98 சதவீதம், கடந்த ஒரு மணி நேரத்தில் யூரின் பேக்கில் 45 மில்லி.

3 மணிக்கு பி.பி. 118/82, பல்ஸ் 102, மூச்சு 20, ஆக்சிஜன் 97, யூரின் 30 மில்லி.

4 மணிக்கு பி.பி. 102/80, பல்ஸ் 118, மூச்சு 24, ஆக்சிஜன் 96, யூரின் 18 மில்லி.

நான்கு மணி நர்ஸ் குறிப்பில் இப்படி இருக்கிறது: நோயாளி படுக்கையில் நிலைகொள்ளாமல் புரள்கிறார், "தாகமா இருக்கு சிஸ்டர், என்னமோ மாதிரி இருக்கு" என்கிறார். வலி பத்துக்கு 4. கை கால் சில்லென்று ஈரமாக இருக்கிறது. வயிறு கொஞ்சம் உப்பி இறுக்கமாக இருக்கிறது, குடல் சத்தம் குறைவு. டிரெஸ்ஸிங் காய்ந்து சுத்தமாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை. டாக்டர் ஆர்டரில், வலி இருந்தால் மார்ஃபின் 2 மில்லிகிராம் ஐ.வி. (நரம்பு வழியாக) தரலாம் என்று இருக்கிறது.

கொஞ்சம் நிறுத்தி, நீங்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டு மேலே படியுங்கள்.

அறிகுறியைக் கண்டுகொள்வது. நான்கு மணிக் கணக்கை மட்டும் தனியாகப் பார்த்தால் பெரிய விஷயமாகத் தெரியாது. பி.பி. 102 என்றால் நூறுக்கு மேல்தானே இருக்கிறது, ஆக்சிஜன் 96, ஆபரேஷன் முடிந்தவருக்குப் பல்ஸ் கொஞ்சம் ஏறத்தானே செய்யும் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போகலாம். ஆனால் பக்கவாட்டில் பாருங்கள். பல்ஸ் 86, 102, 118 என்று ஏறுகிறது. யூரின் 45, 30, 18 என்று இறங்குகிறது. ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லியாவது வர வேண்டும் என்பது கணக்கு. இவருக்கு 31 மில்லி. மூன்று மணிக்கே அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்துவிட்டார், நான்கு மணிக்கு இன்னும் கீழே போய்விட்டார். அப்புறம் மேல் பி.பி.க்கும் கீழ் பி.பி.க்கும் உள்ள வித்தியாசம், அதாவது பல்ஸ் பிரஷர்: இரண்டு மணிக்கு 46, மூன்று மணிக்கு 36, நான்கு மணிக்கு 22. பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இதை யாரும் சார்ட்டில் எழுதித் தர மாட்டார்கள், நீங்கள்தான் கழித்துப் பார்க்க வேண்டும்.

எதைக் குறிக்கிறோம் என்பது போலவே எதை விடுகிறோம் என்பதும் இந்தப் படியில் முக்கியம். வலி பத்துக்கு நான்கு என்பது வயிற்றைத் திறந்த அன்றைக்கு எதிர்பார்க்கக்கூடியதுதான். குடல் சத்தம் குறைவு என்பதும் அன்றைக்கு இயல்பு. இதையெல்லாம் சேர்த்துக் குறித்தால் மதிப்பெண் குறையும். வீட்டில் எப்போதும் துள்ளிக்கொண்டிருக்கும் குழந்தை விளையாட்டு நேரத்தில் சுருண்டு படுத்திருந்தால், அம்மா தெர்மாமீட்டரைத் தேடுவதற்கு முன்பே நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள் இல்லையா, அந்த மாதிரி இந்த நோயாளி இந்த நேரத்தில் இருக்க வேண்டிய நிலை எது, அதிலிருந்து எது விலகி நிற்கிறது என்பதுதான் கேள்வி. எதிர்பார்த்த நிலை என்னவென்று தெரியாதவர்களுக்கு விலகல் தெரியாது. அதனால்தான் பாடம் படிக்க வேண்டியிருக்கிறது.

சேர்த்துப் பார்ப்பது. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். அமைதியில்லாமல் புரள்கிறார், பல்ஸ் ஏறுகிறது, மூச்சு ஏறுகிறது என்றதும் முதலில் தோன்றுவது வலி. ஆர்டரும் கையில் இருக்கிறது. ஆனால் வெறும் வலி என்றால் பி.பி. ஏற வேண்டும், இங்கே இறங்குகிறது. வலி இருந்தால் யூரின் ஏன் இப்படி வற்ற வேண்டும்? சரி, கேத்தீட்டர் (யூரின் வடிக்கும் குழாய்) அடைத்திருக்குமோ? அப்படி என்றால் யூரின் குறைவுக்கு விளக்கம் கிடைக்கும், வயிறு உப்புவதற்கும் ஓரளவு கிடைக்கும், ஆனால் சில்லென்ற தோலுக்கும் தாகத்துக்கும் கிடைக்காது. நுரையீரலில் ரத்தக்கட்டி போய் அடைத்திருக்குமோ? ஆக்சிஜன் இன்னும் வேகமாக இறங்கியிருக்கும், திடீரென்று மூச்சுத்திணறல் வந்திருக்கும், நெஞ்சு வலி வந்திருக்கலாம். கிருமித் தொற்றா? ஆபரேஷன் முடிந்து சில மணி நேரத்திலேயே, காய்ச்சலும் இல்லாமல், தோல் சில்லிட்டு? பொருந்தவில்லை.

இப்போது ரத்தம் உள்ளே கசிகிறது என்று வைத்துப் பாருங்கள். குழாயில் ஓடும் அளவு குறைகிறது, இதயம் அதை ஈடுகட்ட வேகமாக அடிக்கிறது, பல்ஸ் ஏறுகிறது. உடம்பு கை கால், தோல், குடல் பக்கத்து ரத்தக்குழாய்களை இறுக்கி மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது, தோல் சில்லிடுகிறது. குழாய் இறுகுவதால் கீழ் பி.பி. தாங்கி நிற்கிறது, ஆனால் இதயம் ஒவ்வொரு அடியிலும் தள்ளும் அளவு குறைந்ததால் மேல் பி.பி. இறங்குகிறது, வித்தியாசம் சுருங்குகிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைகிறது, இருக்கிற நீரை உடம்பு பிடித்து வைத்துக்கொள்கிறது, யூரின் குறைகிறது. அதே காரணத்தால் தாகம். மூளைக்குப் போதுமான ரத்தம் கிடைக்காத முதல் அடையாளம் நிலைகொள்ளாமை. வயிறு உப்பி இறுகுவது ரத்தம் தேங்கும் இடத்தைக் காட்டுகிறது. எல்லா அறிகுறியும் ஒரே கயிற்றில் கோத்து வந்துவிட்டது பாருங்கள். எந்த ஒரு காரணம் இருக்கிற அறிகுறிகளில் பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் தருகிறதோ, அதன் பக்கம் சாய வேண்டும்.

பெரியவர்களுக்கு மொத்த ரத்தத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை போனாலும் மேல் பி.பி. ஏறக்குறைய சாதாரணமாகவே நிற்கக்கூடும் என்று டிராமா சிகிச்சைப் பாடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். பல்ஸும் பல்ஸ் பிரஷரும்தான் முந்திக்கொண்டு மாறும். பி.பி. விழுந்த பிறகுதான் ஷாக் என்று காத்திருப்பவர், உடம்பு தன் கையிருப்பையெல்லாம் செலவழித்து முடிக்கும் வரை காத்திருக்கிறார் என்று அர்த்தம். டிரெஸ்ஸிங் காய்ந்திருப்பதும் நம்மை ஏமாற்றிவிடும். ரத்தம் வெளியே வர வேண்டும் என்று கட்டாயமில்லை, வயிற்றுக் குழிக்குள் எவ்வளவோ இடம் இருக்கிறது. ஹீமோகுளோபின் ரிப்போர்ட் வந்து அது 11.8 என்று இருந்தாலும் நிம்மதியடைய வேண்டாம்: போகும்போது அணுக்களும் பிளாஸ்மாவும் சேர்ந்தேதான் போகின்றன, அதனால் அடர்த்தி உடனே மாறாது, வெளியிலிருந்து திரவம் ஏறி ரத்தம் நீர்த்த பிறகுதான் எண் இறங்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இவர் மெட்டோப்ரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) சாப்பிடுபவராக இருந்திருந்தால் பல்ஸ் 90ஐத் தாண்டாமலே இருந்திருக்கலாம். வீட்டில் எடுக்கும் மாத்திரைப் பட்டியலைக் கேள்வியில் தருவது வெறும் அலங்காரத்துக்கு அல்ல.

எது முதலில் என்பது இந்தக் கேஸில் இனி எளிது: உள்ளே ரத்தப்போக்கு, அதனால் ஷாக். வலி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அது இரண்டாவது.

நான்காவது படியில், செய்யக்கூடாதவற்றைக் கண்டுபிடிப்பதற்கும் மதிப்பெண் உண்டு. ஒரு அட்டவணை வரும், ஒவ்வொரு செயலுக்கும் எதிரே பொருந்தும், பொருந்தாது என்று குறிக்க வேண்டும். மார்ஃபின் பொருந்தாது. ரத்தக்குழாயை அது தளர்த்தும், பி.பி. இன்னும் இறங்கும், போதாக்குறைக்கு நிலைகொள்ளாமை என்ற எச்சரிக்கை மணியையும் அமுக்கிவிடும். தாகம் என்கிறாரே என்று தண்ணீர் கொடுப்பதும் பொருந்தாது, ஏனென்றால் இவர் இன்னும் சிறிது நேரத்தில் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கலாம், வயிறு காலியாக இருக்க வேண்டும். தலைப்பக்கம் உயர்த்தி உட்கார வைப்பதும் இப்போது வேண்டாம். படுக்க வைத்துக் காலை உயர்த்துவது, ஆக்சிஜன், 18 கேஜ் அல்லது அதைவிட அகலமான ஐ.வி. லைன் இரண்டு இருக்கிறதா என்று பார்ப்பது, நார்மல் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட், கிராஸ்மேட்சுக்கு (ஏற்றப்போகும் ரத்தம் பொருந்துமா என்ற சோதனைக்கு) ரத்தம் எடுப்பது, ஐந்து முதல் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பி.பி., பல்ஸ், மூச்சு போன்ற வைட்டல்ஸ், தியேட்டருக்குத் தயார் செய்வது, இவை பொருந்தும்.

செய்வது என்ற ஐந்தாவது படியில் சர்ஜனைக் கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்பதும் ஜட்ஜ்மென்ட்தான். "டாக்டர், நோயாளி ஒரு மாதிரி இருக்காங்க, வந்து பாருங்க" என்பது தகவல் அல்ல. "டாக்டர், இன்று கர்ப்பப்பை எடுத்த 48 வயது நோயாளி. இரண்டு மணி நேரத்தில் பல்ஸ் 86லிருந்து 118, பி.பி. 124/78லிருந்து 102/80, யூரின் கடந்த மணியில் 18 மில்லிதான். கை கால் சில்லென்று இருக்கு, வயிறு இறுகியிருக்கு, டிரெஸ்ஸிங் காய்ந்துதான் இருக்கு. உள்ளே ரத்தம் கசியுதோன்னு சந்தேகப்படுறேன். ஆக்சிஜன் போட்டிருக்கேன், நீங்க இப்பவே வந்து பார்க்கணும், சலைன் வேகமா விடவும் கிராஸ்மேட்சுக்கு ரத்தம் அனுப்பவும் ஆர்டர் வேணும்." இது இருபது வினாடிதான். என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும் என்ற இந்த வரிசையை எஸ்பார் என்பார்கள், தேர்வில் அடிக்கடி வரும். மூன்றாவதாக வரும் "நான் என்ன நினைக்கிறேன்" என்பதைச் சொல்ல நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். டாக்டரிடம் போய் நான் எப்படிச் சொல்வது என்கிறார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். நீங்கள் நோய்க்குப் பெயர் வைத்து மருந்து எழுதவில்லை, படுக்கைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் என்ற முறையில் சந்தேகத்தைச் சொல்கிறீர்கள்.

கடைசிப் படி, தேறினாரா என்று பார்ப்பது. பல்ஸ் குறைகிறது, யூரின் மணிக்கு 31 மில்லிக்கு மேல் வருகிறது, தோல் வெதுவெதுப்பாகிறது, கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறார் என்றால் சிகிச்சை வேலை செய்கிறது. இதில் ஒரு கண்ணி வைப்பார்கள்: "நோயாளி இப்போது அமைதியாகிவிட்டார்." பல்ஸ் 94, பி.பி. 116/74 என்பதோடு அமைதி வந்தால் நல்லது. பல்ஸ் 136, பி.பி. 78/50 என்பதோடு அமைதி வந்தால் அவர் நினைவிழந்துகொண்டிருக்கிறார்.

சூத்திரத்தை மட்டும் நம்பாதீர்கள்

கோச்சிங்கில் சூத்திரங்கள் நிறையச் சொல்லித் தருவார்கள். முதலில் மூச்சுப்பாதை, அடுத்து மூச்சு, அடுத்து ரத்த ஓட்டம். நாள்பட்டதை விடத் திடீரென்று வந்தது முதலில். எதிர்பார்த்ததை விட எதிர்பாராதது முதலில். எல்லாம் பயனுள்ளவைதான், ஆனால் நோயாளியைப் பார்க்காமல் சூத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் விழுந்துவிடுவீர்கள். நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பீர்கள் என்று ஒரு கேள்வி. அதில் ஒருவருக்கு நாள்பட்ட சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கும் நுரையீரல் நோய்), ஆக்சிஜன் 90 சதவீதம், வழக்கமான இருமல். இன்னொருவர் நேற்றுத் தைராய்டு ஆபரேஷன் ஆனவர், ஆக்சிஜன் 97, வாயைச் சுற்றி மரத்துப்போகிறது, விரல் நுனி குறுகுறுக்கிறது என்கிறார். மூச்சுதானே முதலில் என்று சி.ஓ.பி.டி. நோயாளியிடம் ஓடுவார்கள். அவருக்கு 88 முதல் 92 வரை என்பதுதான் இலக்கே, அவர் தன் வழக்கமான நிலையில் இருக்கிறார். தைராய்டு நோயாளிக்குப் பாராதைராய்டு சுரப்பிக்கு அடிபட்டு ரத்தத்தில் கால்சியம் இறங்குகிறது. அது இன்னும் இறங்கினால் குரல்வளை இறுகி மூச்சுப்பாதையே அடைபடும். சூத்திரம் சொன்ன அதே மூச்சுப்பாதைதான், ஆனால் அது இன்னும் அடைபடவில்லை, அடைபடப் போகிறது. இதைப் பார்க்க எண்களைத் தாண்டி யோசிக்க வேண்டும்.

இன்னொரு பழக்கம், "டாக்டருக்குத் தகவல் தெரிவிக்கவும்" என்ற விடை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தட்டுவது. இது எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. ஆர்டர் இல்லாமல் எதையும் தொடாதே என்று சொல்லித்தான் நம்மில் பலரை வளர்த்திருக்கிறார்கள். ஆனால் ரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் நோயாளி குளிர் நடுக்கத்தோடு முதுகு வலிக்கிறது என்கிறார் என்றால், முதலில் கை போக வேண்டிய இடம் ரத்தம் போகும் டியூப். அதை நிறுத்திவிட்டு, புது டியூபில் நார்மல் சலைன் மாட்டி லைனைத் திறந்து வைத்துவிட்டு, அப்புறம்தான் டாக்டருக்கும் பிளட் பேங்க்குக்கும் தகவல். போனை எடுக்கும் நேரத்தில் உள்ளே போகும் ஒவ்வொரு மில்லியும் ஆபத்தைக் கூட்டும். பிரீஎக்லாம்ப்சியாவுக்கு (கர்ப்பகாலத்தில் பி.பி. ஏறும் ஆபத்தான நோய்) மெக்னீசியம் சல்ஃபேட் ஓடிக்கொண்டிருக்கும் தாய்க்கு முழங்கால் ரிஃப்ளெக்ஸ் போய்விட்டது, மூச்சு நிமிடத்துக்கு 10 என்றால் அதுவும் அப்படித்தான்: டிரிப்பை நிறுத்துவது முதலில், மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் தயாராக இருக்கட்டும், போன் அடுத்து. தீங்கு செய்துகொண்டிருப்பதை நிறுத்துவதற்கு எந்த ஆர்டருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. அதே நேரம், கேள்வியில் தகவல் போதவில்லை என்றால், உதாரணமாக நோயாளி தலைசுற்றுகிறது என்று மட்டும் சொல்கிறார் என்றால், முதலில் போய் பி.பி.யும் சர்க்கரையும் பார்ப்பதுதான் சரி. ஆபத்து கண்முன் தெரிந்தால் செயல், தெரியாவிட்டால் இன்னும் பார்ப்பது.

மதிப்பெண் போடும் முறை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் பயம் குறையும். முன்பெல்லாம் பொருந்தும் எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்ற கேள்வியில் ஒன்று தவறினாலும் முழு மதிப்பெண்ணும் போய்விடும். இப்போது அப்படி இல்லை, சரியான ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், தவறான ஒவ்வொன்றுக்கும் ஒன்று கழியும், சுழியத்துக்குக் கீழே போகாது. அதனால் சந்தேகத்துக்கு எல்லாவற்றையும் தட்டிவிடுவது ஆபத்து. கோடிட்ட இடத்தை மெனுவிலிருந்து நிரப்பும் கேள்விகளில் பெரும்பாலும் தவறுக்குக் கழிக்க மாட்டார்கள், சரியானதற்கு மட்டும் தருவார்கள். "இந்த நோயாளிக்கு இது வரக்கூடும், காரணம் இது" என்ற வகையில் காரணமும் விளைவும் இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். போ டை (bow-tie) என்று ஒரு வகை உண்டு, நடுவில் நோய்நிலை ஒன்று, இடதுபக்கம் செய்ய வேண்டியவை இரண்டு, வலதுபக்கம் தொடர்ந்து கவனிக்க வேண்டியவை இரண்டு. நடுப்பெட்டியை முதலில் முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் தறிகெட்டுப் போகும்.

கேஸ் ஸ்டடியில் ஒரு திரையில் தவறிவிட்டோமே என்று அடுத்த திரையில் பதற வேண்டாம். நீங்கள் என்ன விடை சொன்னாலும் அடுத்த திரை அதே நோயாளியைத்தான் தொடரும். திரும்பிப் போய் மாற்றவும் முடியாது. சில சமயம் அடுத்த திரையே முந்தையதன் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும், அதை எடுத்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டே இருங்கள். மருந்துகளுக்கு அமெரிக்கப் பெயர்தான் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்: பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால், பெத்தடின் அங்கே மெபெரிடின், அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின்.

எப்படிப் பழகுவது

கேள்வி வங்கியை வாங்கி ஒரு நாளைக்கு இருநூறு போட்டுத் தள்ளுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முப்பது போட்டு, ஒவ்வொன்றின் விளக்கத்தையும் முழுதாகப் படியுங்கள், சரியாகச் சொன்னதற்கும் சேர்த்து. அதில் தவறான விடைகளை எடுத்து, இது எந்த நோயாளிக்கு, எந்தச் சூழ்நிலையில் சரியான விடையாக இருந்திருக்கும் என்று கேளுங்கள். மேலே பார்த்த கேஸில் மார்ஃபின் தவறு. அதே பெண்ணுக்குப் பல்ஸ் 104, பி.பி. 146/88, யூரின் 50, வலி பத்துக்கு எட்டு என்று இருந்தால் மார்ஃபின்தான் சரி. இப்படி ஒரு கேள்வியிலிருந்து நான்கு நோயாளிகள் கிடைப்பார்கள்.

வார்டில் இருப்பவர்களுக்கு இன்னும் நல்ல வாய்ப்பு, இதைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன். பல இடங்களில் ஒரே நேரத்தில் முப்பது நோயாளிக்கு பி.பி. பார்த்து எழுதிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது, யோசிக்க எங்கே நேரம் என்பார்கள். நியாயம்தான், ஆள் பற்றாக்குறை உங்கள் குற்றமல்ல. முப்பது பேர் வேண்டாம், டூட்டிக்கு ஒருவர் போதும். ஹேண்டோவர் (முந்தைய டூட்டி நர்ஸ் நோயாளிகளை ஒப்படைப்பது) முடிந்ததும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, சார்ட்டில் கடைசி நான்கு வரிகளைக் குறுக்காகப் படியுங்கள். பல்ஸ் பிரஷரைக் கழித்துப் பாருங்கள், யூரினை எடையால் வகுத்துப் பாருங்கள். அப்புறம் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வரி எழுதுங்கள்: நான் கண்டது, அதற்கு நான் நினைக்கும் காரணம், அது உண்மையாக இருந்தால் இன்னும் இரண்டு மணி நேரத்தில் என்ன மாறும். இரண்டு மணி நேரம் கழித்துப் போய்ச் சரிபாருங்கள். மாறவில்லை என்றால் உங்கள் காரணம் எங்கே பொருந்தவில்லை என்று கூட இருக்கும் சீனியரிடம் கேளுங்கள். மாறியிருந்தால், அதுவும் மோசமான பக்கம் மாறியிருந்தால், சீட்டை மடித்து வைத்துவிட்டு எஸ்பார் வரிசையில் போன் பண்ணுங்கள்.